சென்னையில் வீட்டு வாடகைச் சட்டங்களும் முன்பண வழக்கமும் (1921–2019)

ஆய்வுச் சுருக்கம்

வீட்டை வாடகைக்கு விடும் தனியார் உரிமையாளரிடம் மூன்று அதிகாரங்கள் உள்ளன. வாடகையை நிர்ணயிப்பது முதலாவது. குடியிருப்பவரை வெளியேற்றுவது இரண்டாவது. யாரைக் குடிவைப்பது எனத் தெரிவு செய்வது மூன்றாவது. 1921 முதல் 2019 வரை சென்னை நகருக்குப் பொருந்திய சட்டங்கள் இம்மூன்றையும் எவ்வாறு கையாண்டன என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. சட்டம் முதல் இரண்டு அதிகாரங்களை விரிவாகக் கட்டுப்படுத்தியது. மூன்றாவதைப் பெரும்பாலும் தொடாமல் விட்டது. சட்டம் ஒரு மாத முன்பணத்தை மட்டுமே அனுமதித்த காலத்திலும் சென்னையில் பத்து மாத முன்பணம் வழக்கமாக வேரூன்றியது. இவ்வழக்கம் வாடகைக் கட்டுப்பாட்டைவிட வெளியேற்றக் கட்டுப்பாட்டுக்கு உரிமையாளர் அளித்த எதிர்வினை என்பதே இக்கட்டுரையின் முடிபு.

திறவுச் சொற்கள்: குடிக்கூலி, நியாய வாடகை, முன்பணம், அடிமனை, வாடகைக் கட்டுப்பாடு, சென்னை நகர வரலாறு.

முன்னுரை

நகர வரலாற்றை எழுதுவோர் கோட்டை, துறைமுகம், ஆலை, கோயில், குடிசைப்பகுதி ஆகியவற்றுக்கு அளித்த கவனத்தை வாடகை வீட்டுக்கு அளிப்பதில்லை. சென்னைக்குப் பிழைக்க வந்த எழுத்தர், ஆசிரியர், அச்சுத் தொழிலாளர், கடைச் சிப்பந்தி ஆகியோரில் பெரும்பாலோர் நகரை முதலில் வாடகைக் குடித்தனத்தின் வழியாகவே அறிந்தனர். அவர்களுக்கு வீடு விட்டவர்கள் அனைவரும் பெருஞ்செல்வர்கள் அல்லர். ஓய்வூதியத்துடன் ஒரு பகுதி வாடகையைச் சேர்த்துக் குடும்பம் நடத்தியவர்கள், கணவர் விட்டுச்சென்ற வீட்டின் முன்பகுதியில் தாம் இருந்துகொண்டு பின்பகுதியை வாடகைக்கு விட்ட பெண்கள் ஆகியோரும் சட்டத்தின் பார்வையில் வீட்டு உரிமையாளர்களே. எளியவராகிய ஒருவர் மற்றோர் எளியவருக்கு வீடு விடும் இந்நிலையை மனத்திற் கொண்டாலன்றி வாடகைச் சட்டங்களின் விளைவுகளை முழுமையாக விளங்கிக்கொள்ள இயலாது.

குடிக்கூலியும் ஒத்தியும்

வீட்டில் குடியிருப்பதற்காகத் தரும் தொகையைக் குடிக்கூலி என வழங்குவது தமிழில் பழைய வழக்கு. பேச்சில் அது குடக்கூலி எனத் திரியும். இன்று வாடகை என்னும் சொல்லே எங்கும் நிலைபெற்றுள்ளது. இதனின் வேறானது ஒத்தி. குடிபுகுபவர் ஒரு பெருந்தொகையை உரிமையாளரிடம் ஒப்படைத்து, மாத வாடகை இன்றிக் குடியிருந்து, காலம் முடிந்ததும் அத்தொகையை அப்படியே திரும்பப் பெறுவது ஒத்தி முறை. போக்கியம் என்பதும் உண்டு. ஒத்தியில் தொகையின் வட்டியே குடிக்கூலியாகிறது. மாத வாடகையும் ஒத்தியும் இரு முனைகள் எனக் கொண்டால், சென்னையின் முன்பண வழக்கம் அவற்றுக்கு இடையில் நிற்கிறது. இவ்வேறுபாடு பின்னர் எடுத்துரைக்கும் வாதத்திற்கு இன்றியமையாதது.

சென்னையின் பழைய குடியிருப்புப் பகுதிகளான திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் போன்றவற்றில் ஸ்டோர் எனப்பட்ட வீடுகள் வாடகைக் குடித்தனத்திற்கு உரிய தனி அமைப்பாக விளங்கின. ஒரே வாசலுக்குள் வரிசையாகப் பல குடித்தனங்கள் இருந்தன. கிணறு, குழாய், கழிப்பிடம் ஆகியவை அனைவருக்கும் பொது. இத்தகைய ஒண்டுக் குடித்தனத்தில் உரிமையாளரும் வாடகைதாரரும் அண்டை வீட்டாராகவே வாழ்ந்தனர். பிற்காலச் சட்டம், தனியாக வாடகைக்கு விடப்பட்ட கட்டடப் பகுதியையும் ‘கட்டடம்’ என்றே வரையறுத்தது. ஆகவே ஸ்டோரின் ஒவ்வோர் அறையும் சட்டத்தின் முன் தனிக் கட்டடமாயிற்று.

அடிமனைக் குடிகளும் 1921-ஆம் ஆண்டுச் சட்டமும்

வாடகை உறவைப் பொதுவாக ஆண்டது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். அதன் 106-ஆம் பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, வீட்டுக் குத்தகை மாதத்திற்கு மாதம் தொடர்வதாகக் கருதப்படும். 15 நாள் அறிவிப்பால் அதை முடிக்கலாம். 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைகளைக் கட்டாயப் பதிவுக்கு உட்படுத்தியது. 11 மாத ஒப்பந்தம் என இன்றளவும் நீடிக்கும் வழக்கம் இப்பதிவுச் செலவைத் தவிர்க்கும் நோக்கில் தோன்றியதே. இவ்விரு சட்டங்களின் கீழ் உரிமையாளரின் கை ஓங்கியிருந்தது.

முதல் உலகப் போரை ஒட்டிய வீட்டுப் பஞ்சத்தில் பம்பாய் 1918-இலும் கல்கத்தா 1920-இலும் வாடகைச் சட்டங்களை இயற்றின. அதே காலத்தில் சென்னை நகருக்கென வந்த 1921-ஆம் ஆண்டின் நகர வாடகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வேறொரு சிக்கலைக் கையாண்டது. பிறர் மனையை வாடகைக்குப் பெற்றுத் தம் செலவில் வீடு கட்டிக்கொண்டோர் சென்னையில் பலர் இருந்தனர். வாடகை செலுத்தும்வரை தம்மை எழுப்பமாட்டார்கள் என்னும் நம்பிக்கையே அவர்கள் கட்டிய வீட்டிற்கு அடித்தளம். மனையின் விலை ஏறியபோது உரிமையாளர்கள் வெளியேற்ற வழக்குகளைத் தொடுத்தனர். அந்நிலையில் இச்சட்டம், கட்டடத்திற்கு இழப்பீடு பெறும் உரிமையையும், 9-ஆம் பிரிவின்வழி அடிமனையையே நீதிமன்றம் நிர்ணயிக்கும் விலைக்கு வாங்கும் உரிமையையும் வாடகைதாரருக்கு அளித்தது.

வெளியேற்றும் அதிகாரத்தின்மீது சென்னையில் விழுந்த முக்கியமான முதல் தளை இது. எழுதப்படாத நம்பிக்கைக்குச் சட்ட வடிவம் தரும் போக்கு இங்கே தொடங்குகிறது. ஆனால் இச்சட்டம் பயன்பட்டது மனையை வாடகைக்கு எடுத்தவருக்கே. கட்டிய வீட்டில் குடியிருந்தவருக்கு அடுத்த இருபது ஆண்டுகளும் 15 நாள் அறிவிப்பே எல்லையாக இருந்தது.

போர்க்கால ஆணைகள்

இரண்டாம் உலகப் போரின்போது இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் 1941-இல் சென்னை வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை பிறப்பிக்கப்பட்டது. 1942 ஏப்ரலில் ஜப்பானியத் தாக்குதல் அச்சத்தால் நகர மக்களில் பெருந்தொகையினர் வெளியேறினர். அரசு அலுவலகங்களும் உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. சில மாதங்கள் வீடுகள் ஆளின்றிக் கிடந்த நகரம், அச்சம் நீங்கியதும் முன்னிலும் நெரிசலானது. 1941-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சுமார் 7.77 லட்சமாக இருந்த சென்னையின் மக்கள்தொகை 1951-இல் 14 லட்சத்தைத் தாண்டியது. 1946-இல் நகர எல்லை விரிவாக்கப்பட்டதும் இவ்வுயர்வுக்கு ஒரு காரணம் எனினும், வீட்டுத் தேவையின் பெருக்கத்தை இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

போர் முடிந்தும் கட்டுப்பாடு நீங்கவில்லை. 1946-ஆம் ஆண்டுச் சட்டமும், அதனை அடுத்து 1949-ஆம் ஆண்டுச் சட்டமும் போர்க்கால ஆணையை நிலையான சட்டமாக்கின. நியாய வாடகையைக் கணிக்க 1940 ஏப்ரலுக்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் அவ்வட்டாரத்தில் நிலவிய வாடகை அளவுகோலாகக் கொள்ளப்பட்டது. அரிசியும் துணியும் செங்கல்லும் போர்க்கால விலையேற்றத்திற்கு உள்ளான பின்னரும் வீட்டு வாடகை மட்டும் போருக்கு முந்தைய ஆண்டோடு பிணைக்கப்பட்டிருந்தது. 1960-ஆம் ஆண்டின் சென்னைக் கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம் 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பெற்றது. சென்னை, மதுரை நகரங்களுக்கும் நகராட்சிகளுக்கும் பொருந்திய இச்சட்டம் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது.

தெரிவு செய்யும் உரிமை

1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு இன்று பெரும்பாலும் மறக்கப்பட்டது. வீடு காலியானால் ஏழு நாட்களுக்குள் உரிமையாளர் உரிய அதிகாரிக்கு எழுத்து வழியே அறிவிக்க வேண்டும். அரசு தன் அலுவலர்களுக்காக அவ்வீட்டை எடுத்துக்கொள்ளலாம்; எடுக்காவிடில்தான் உரிமையாளர் தாம் விரும்பியவருக்கு விடலாம். அக்கமடேஷன் கன்ட்ரோலர் எனப்பட்ட அதிகாரி இப்பணியைக் கவனித்தார்.

யாருக்கு வீடு விடுவது என்னும் தெரிவுரிமையை உரிமையாளரிடமிருந்து நேரடியாக எடுத்த பிரிவு இது. ஆயினும் அதனால் பயன்பெற்றோர் முதன்மையாக அரசு அலுவலர்களே. சாதி, மதம், உணவுப் பழக்கம், திருமண நிலை ஆகியவற்றைக் காரணம் காட்டி வீடு மறுக்கப்பட்டோருக்கு இச்சட்டத்தில் வழி இல்லை. இந்திய அரசியலமைப்பின் 15(2)-ஆம் கூறு கடைகள், உணவகங்கள், தங்கும் விடுதிகள், கிணறுகள், குளங்கள் போன்றவற்றைப் பயன்படுத்துவதில் பாகுபாட்டைத் தடை செய்கிறது; தனியார் வாடகை வீடு அப்பட்டியலில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. ‘சைவ உணவினருக்கு மட்டும்’ என்னும் அறிவிப்புப் பலகை சட்டத்தின் கண்ணில் படாமலேயே வாசலில் தொங்க முடிந்தது இதனாலேயே. வாடகைக் கட்டுப்பாட்டின் பாதுகாப்பு வீட்டிற்குள் நுழைந்துவிட்டவருக்கே உரியது. வாசலில் நிற்பவருக்கு அது எட்டவில்லை. வெளியேற்றம் கடினமாக ஆக, உரிமையாளர் நுழைவில் அதிக எச்சரிக்கை காட்டினார் எனக் கருத இடமுண்டு. அவ்வெச்சரிக்கையின் சுமை ஏற்கெனவே ஒதுக்கப்பட்டோர்மீது கூடுதலாக விழுந்தது.

வெளியேற்றமும் ரசீதும்

1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு, வாடகைதாரரை எக்காரணங்களுக்காக வெளியேற்றலாம் என வரையறுத்தது. வேண்டுமென்றே வாடகை செலுத்தாமை, அனுமதியின்றி உள்வாடகைக்கு விடுதல், கட்டடத்திற்குச் சேதம் விளைவித்தல், பிறருக்குத் தொல்லை தருதல், உரிமையாளரின் சொந்தத் தேவை ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. இடித்துக் கட்டுவதற்கு 14-ஆம் பிரிவு வழிசெய்தது. சென்னையில் சிறுவழக்கு நீதிமன்றத்தில் அமைந்த வாடகைக் கட்டுப்பாட்டாளரிடம் மனு. அதன்மேல் மேல்முறையீட்டு அதிகாரி. அதன்மேல் உயர் நீதிமன்றத்தில் சீராய்வு என மூன்று படிகள் இருந்தன. இதனால் சிறு வழக்கும் ஆண்டுக்கணக்கில் நீள்வது இயல்பாயிற்று.

ஸ்டோர் வீடுகளின் நிலையைச் சட்டம் அறிந்திருந்தது என்பதற்கு 10(3)(இ) பிரிவு சான்று. கட்டடத்தின் ஒரு பகுதியில் வாழும் உரிமையாளர் கூடுதல் இடம் வேண்டி மற்றொரு பகுதியிலுள்ள வாடகைதாரரை எழுப்பக் கோரலாம். ஆனால் அதனால் வாடகைதாரருக்கு நேரும் துன்பம் உரிமையாளர் பெறும் நன்மையைவிடப் பெரிதாயின் மனு ஏற்கப்படாது. ஒரே கிணற்றில் நீர் இறைக்கும் இரு குடும்பங்களின் தேவைகளை நீதிமன்றம் தராசில் வைத்தது.

ரசீது பற்றிய 8-ஆம் பிரிவு அன்றாட வாழ்வில் இன்னும் ஆழமாகப் பதிந்தது. வாடகைக்கு ரசீது பெறுவது வாடகைதாரரின் உரிமை. உரிமையாளர் வாடகையை வாங்க மறுத்தால், வங்கி ஒன்றைக் குறிப்பிடும்படி அவருக்கு அறிவிப்பு அனுப்பலாம். குறிப்பிடாவிடில் பணவிடையாக அனுப்பலாம். அதையும் மறுத்தால் உரிய அதிகாரியிடம் செலுத்தலாம். வாடகையை வாங்காமல் இருந்து, பின்னர் ‘வாடகை தரவில்லை’ எனக் குற்றஞ்சாட்டும் உத்தியை முறியடிக்கவே இப்படிகள் அமைக்கப்பட்டன. திரும்பி வந்த மணியார்டர் கூப்பன் வாடகைதாரரின் கையில் சான்றாவணமாயிற்று. 1973-ஆம் ஆண்டுத் திருத்தம், உரிமையாளர் இரண்டு மாத அறிவிப்பு அளித்த பின்னும் வாடகை தராமை தொடர்ந்தால் அதை வேண்டுமென்றே செய்ததாகக் கொள்ளலாம் என விளக்கம் சேர்த்தது. அதன் பொருளை உச்ச நீதிமன்றம் 1985-இல் சுந்தரம் பிள்ளை வழக்கில் விரிவாக ஆராய வேண்டியிருந்தது. 15 நாள் அறிவிப்பின் காலத்திலிருந்து நகரம் வெகுதூரம் வந்துவிட்டது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வெளியேற்றக் கோருவதற்கு 106-ஆம் பிரிவின் அறிவிப்பே தேவையில்லை எனத் தனபால் செட்டியார் வழக்கில் 1979-இல் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது.

நியாய வாடகையின் தலைகீழ் மாற்றம்

1973-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நியாய வாடகையின் அடிப்படை தெளிவானது. குடியிருப்புக் கட்டடத்திற்கு அதன் மொத்த மதிப்பில் ஆண்டுக்கு 9 விழுக்காடும், குடியிருப்பு அல்லாத கட்டடத்திற்கு 12 விழுக்காடும் நியாய வாடகை. மனையின் சந்தை மதிப்பும், தேய்மானம் கழித்த கட்டுமானச் செலவும், வசதிகளுக்கான வரையறுத்த தொகையும் சேர்ந்ததே மொத்த மதிப்பு.

இச்சூத்திரத்தின் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். மனையின் சந்தை மதிப்பு 10 லட்சம் ரூபாய், தேய்மானம் போகக் கட்டடத்தின் மதிப்பு 4 லட்சம் ரூபாய் எனக் கொள்வோம். 14 லட்சத்தில் 9 விழுக்காடு 1,26,000 ரூபாய். மாதத்திற்கு 10,500 ரூபாய். மனை விலை இருமடங்கானால், கட்டடம் அதே பழமையுடன் இருந்தும், நியாய வாடகை மாதம் 18,000 ரூபாய் ஆகிறது. கட்டடம் தேய்ந்தாலும் மனை ஏறிக்கொண்டே போகும் நகரில் நியாய வாடகையும் ஏறிக்கொண்டே போகும். பழைய வாடகையில் நீண்டகாலம் இருந்தவரை எதிர்த்து உரிமையாளர் எடுக்கும் கருவியாக நியாய வாடகை மனு மாறியதன் காரணம் இதுவே. வாடகைதாரரைக் காக்க உருவான சொல்லின் பயன் எதிர்த்திசைக்கு நகர்ந்தது.

பம்பாயின் நிலை இதற்கு மாறானது. அங்கு வாடகை 1940 அளவிலேயே உறைந்து கிடந்தது. அவ்வாறு உறையவைத்தல் காலப்போக்கில் நியாயமற்றதாகிவிட்டது என உச்ச நீதிமன்றம் 1997-இல் கருத்துரைத்தது. சென்னையின் சட்டம் வாடகையை உறையவைப்பதைக் கைவிட்டது; ஆயினும் வெளியேற்றத்தின்மீதான பிடியைத் தளர்த்தவில்லை.

வாடகையின் அளவை வைத்துப் பாதுகாப்பை வரையறுக்கும் முயற்சியும் நிலைக்கவில்லை. மாத வாடகை 400 ரூபாய்க்கு மேற்பட்ட குடியிருப்புகளுக்குச் சட்டம் விலக்களித்திருந்தது; குடியிருப்பு அல்லாத கட்டடங்களுக்கு அத்தகைய உச்ச வரம்பு இல்லை. வணிகருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு குடியிருப்பவருக்கு மறுக்கப்படுவது சமத்துவத்திற்கு முரண் எனக் கூறி, 1986-இல் ரத்தன் ஆர்யா வழக்கில் உச்ச நீதிமன்றம் அவ்விலக்கை நீக்கியது. 1973-இன் 400 ரூபாய்க்கும் 1986-இன் 400 ரூபாய்க்கும் உள்ள வேறுபாட்டையும் நீதிமன்றம் கருத்திற் கொண்டது. அன்றுமுதல் பெரிய வீட்டின் வாடகைதாரரும் ஒண்டுக் குடித்தனக்காரரும் ஒரே பாதுகாப்பைப் பெற்றனர்.

பத்து மாத முன்பணம்

1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறுவதைத் தடுத்தது. சென்னையில் நிலைபெற்ற வழக்கமோ பத்து மாத அட்வான்ஸ். நீதிமன்றத் தீர்ப்புகளிலேயே வெளிப்படையாகப் பேசப்படும் அளவுக்கு இம்மீறல் இயல்பாயிற்று.

கட்டுப்படுத்தப்பட்ட வாடகையை மறைமுகமாக ஈடுசெய்யும் வழியே முன்பணம் என்பது பொதுவான கருத்து. கணக்கு இதற்கு முழுமையாக இடம் தரவில்லை. பத்து மாத வாடகைக்கு ஆண்டு வட்டி 8 விழுக்காடு எனக் கொண்டால், கிடைப்பது 0.8 மாத வாடகை. அதாவது ஆண்டு வாடகையில் 7 விழுக்காட்டுக்கும் குறைவு. ஒத்தியில் வட்டியே முழு வாடகையாவதோடு ஒப்பிட்டால், முன்பணத்தின் வட்டி ஒரு சிறு சேர்க்கைதான். கூடுதல் வருவாய்க்காகவே இவ்வழக்கம் தோன்றியிருந்தால் அது ஒத்தியை நோக்கி நகர்ந்திருக்க வேண்டும்.

முன்பணத்தின் உண்மைப் பயன் வேறு. வாடகை நின்றுபோய், மூன்று படிகளில் வழக்கு நடக்கும் காலத்தில், உரிமையாளரின் கையில் இருக்கும் உறுதிப்பொருள் அது ஒன்றே. வாடகையையே நம்பி வாழும் சிறு உரிமையாளருக்கு ஓராண்டு வருவாய் நிற்பது பெருங்கேடு. பத்து மாதம் என்னும் அளவு அவ்வச்சத்தின் அளவு எனலாம். சட்டம் வெளியேற்றத்தை நீதிமன்றத்தின் பொறுப்பாக்கியது. நீதிமன்றம் விரைவைத் தர இயலவில்லை. அத்தாமதத்தின் விலையை வாடகைதாரர் குடிபுகும் நாளிலேயே செலுத்தினார்.

இதன் சுமை சமமாகப் பகிரப்படவில்லை. தவறாமல் வாடகை தருபவரும், தராமல் ஏமாற்றக்கூடியவரும் ஒரே முன்பணத்தைக் கட்டினர். மாதச் சம்பளத்தில் வாடகை தரக்கூடிய பலருக்கு மொத்தமாகப் பத்து மாதத் தொகையைத் திரட்ட இயலவில்லை. நகையடகும் கடனும் வீடு மாறுதலின் பகுதிகளாயின. பழைய வீட்டின் முன்பணம் கைக்கு வருமுன் புதிய வீட்டிற்குக் கட்ட வேண்டியிருந்தது. காலி செய்யும்போது வெள்ளையடிப்பு, பழுதுபார்ப்பு எனப் பிடித்தம் செய்வதில் எழும் பூசல் இவ்வுறவின் வழக்கமான முடிவாயிற்று. சட்டம் தடுத்த தொகை என்பதால் அதற்கு முறையான ரசீது பெறுவதும் எளிதன்று.

இத்தொகை உரிமையாளருக்கே எதிராகத் திரும்பியதும் உண்டு. ஒரு மாதத்திற்கு மேற்பட்ட முன்பணம் உரிமையாளரிடம் இருக்கும்போது அது வாடகை நிலுவைக்கு ஈடுசெய்யப்பட வேண்டியது என நரசிம்ம ராவ் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. வாடகை தராமைக்கு எதிரான காப்பாக வாங்கப்பட்ட பணம், ‘வாடகை தரவில்லை’ என்னும் குற்றச்சாட்டுக்கு எதிரான காப்பாக வாடகைதாரருக்குப் பயன்பட்டது.

புதிய சட்டம்

2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் முறைப்படுத்துதல் சட்டம் 2019 பிப்ரவரி 22-இல் நடைமுறைக்கு வந்தது. 1960-ஆம் ஆண்டுச் சட்டம் நீங்கியது. எழுத்து வழி ஒப்பந்தமும் வாடகை அதிகார அமைப்பிடம் அதன் பதிவும் கட்டாயமாயின. 9 விழுக்காட்டுச் சூத்திரம் மறைந்து, ஒப்பந்தமே வாடகைக்கு அடிப்படையாயிற்று. முன்பணத்திற்கு மூன்று மாத வாடகை அளவாக வகுக்கப்பட்டது. ஒன்றிய அரசின் 2021-ஆம் ஆண்டு மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புகளுக்கு இரண்டு மாதம் எனக் கூறுகிறது.

ஒரு மாதம் என்பதை மூன்றாக உயர்த்தியதில் வழக்கத்தை நோக்கிச் சட்டம் சில அடிகள் நகர்ந்துள்ளது. ஆனால் மேற்கூறிய வாதம் சரியெனின், முன்பணத்தைக் குறைப்பது எண்ணை மாற்றுவதால் மட்டும் நிகழாது. வாடகை நிலுவை வழக்கு எத்தனை மாதங்களில் முடிகிறது என்பதே முன்பணத்தின் அளவைத் தீர்மானிக்கும். பதிவு செய்யப்படாத வாய்மொழிக் குடித்தனங்களும் 11 மாதத் தாள்களும் தொடரும்வரை, புதிய சட்டத்தின் பாதுகாப்பு எழுதப்பட்ட ஒப்பந்தம் உள்ளோருக்கே கிட்டும்.

முடிவுரை

ஒரு நூற்றாண்டுக் கால வாடகைச் சட்டங்களைத் தொகுத்து நோக்கும்போது மூன்று முடிவுகள் புலனாகின்றன. முதலாவது, வாடகை நிர்ணயம் போர்க்கால உறைநிலையில் தொடங்கி, மனை விலையைத் தொடரும் சூத்திரமாகி, இறுதியில் ஒப்பந்தத்திடமே திரும்பியது. இரண்டாவது, வெளியேற்றக் கட்டுப்பாடே நெடுங்காலம் நீடித்தது; பத்து மாத முன்பணம் அதன் நிழலாக வளர்ந்தது. மூன்றாவது, குடிவைப்பவரைத் தெரிவு செய்யும் உரிமை, 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு நீங்கலாக, உரிமையாளரிடமே இருந்தது. 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அக்கறையும் ஒப்பந்தம் கையெழுத்தான பின்னரே தொடங்குகிறது. வாடகை வீட்டின் வரலாற்றை இனி ஆராய்வோர் நீதிமன்றப் பதிவேடுகளில் இடம்பெற்றவர்களோடு, வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டு எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறாதவர்களையும் கணக்கிற் கொள்வது தேவை. குடியிருப்புரிமை பற்றிய சட்ட விவாதம் முழுமை பெறுவது அப்போதுதான்.